பொத்தான் வைத்த பலூன்: வெப்பக்காற்றில் மனிதன் மேலே ஏறிய கதை

சட்டைக்குத் தைப்பதுபோலப் பொத்தானும் காஜாவும் வைத்துத் தைத்த ஒரு பலூன் இருந்தது. மேலே ஒரு குவிமாடத் துண்டு, பக்கவாட்டில் மூன்று துண்டுகள். இந்த நான்கையும் ஒன்றோடொன்று மாட்ட சுமார் 1,800 பொத்தான்கள். வெளியே கோணித்துணி, உள்ளே மெல்லிய காகிதம் மூன்று அடுக்கு, எல்லாவற்றையும் சுற்றி மீன்வலை மாதிரி ஒரு கயிற்று வலை. 1783 ஜூன் 4 அன்று பிரான்சின் தென்பகுதியில் உள்ள அனோனே என்ற சிற்றூரின் சதுக்கத்தில் அதை விரித்துப் போட்டு, அடியில் நெருப்பு மூட்டினார்கள். தரையில் கிடந்த துணி மெல்ல உப்பியது, நிமிர்ந்தது, பிடித்திருந்த ஆட்களையே இழுக்கத் தொடங்கியது. கயிற்றை விட்டதும் மேலே போனது. பத்து நிமிடம் வானத்தில் இருந்துவிட்டு 2 கிலோமீட்டர் தள்ளி இறங்கியது.

ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு இது 120 ஆண்டுகள் முந்தையது. இதற்கு இன்ஜின் தேவைப்படவில்லை, புதிய உலோகம் எதுவும் தேவைப்படவில்லை. துணி, காகிதம், கயிறு, வைக்கோல், நெருப்பு. எல்லாமே பல நூறு ஆண்டுகளாக மனிதன் கையில் இருந்த பொருள்கள். பிறகு ஏன் 1783 வரை யாரும் இதில் ஏறிப் போகவில்லை? ஏறிப் போன பிறகும், ஏன் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் இந்த வகை பலூன் ஓரங்கட்டப்பட்டது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: நெருப்பை எங்கே வைப்பது என்பதில். அதைப் பிடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

பத்துக்குப் பத்து அறை

முதலில், சூடான காற்று ஏன் தூக்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

காற்றுக்கு எடை இல்லை என்றுதான் நம் உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் நல்ல எடை உண்டு. பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரம் உள்ள ஒரு சாதாரண அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ எதுவும் இல்லாத காலி அறை. நம் ஊர் வெயிலில் அந்த அறைக்குள் இருக்கும் காற்றின் எடை சுமார் 33 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட அதிகம்.

இப்போது அந்தக் காற்றைச் சூடாக்கினால் அது விரியும். கதவு திறந்திருந்தால் விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அறையில் மிஞ்சுவது சுமார் 27 கிலோதான். அறையின் அளவு மாறவில்லை, உள்ளே இருப்பதன் எடை மட்டும் ஆறு கிலோ குறைந்துவிட்டது.

அந்த ஆறு கிலோதான் தூக்கும் விசை. காலிக் குடத்தைக் கவிழ்த்துக் கிணற்று நீருக்குள் அமுக்கிப் பாருங்கள், கையை எதிர்த்து மேலே தள்ளும். குடம் விலக்கிய தண்ணீரின் எடைக்கும் குடத்தின் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தத் தள்ளல். ஆர்க்கிமிடீஸ் தண்ணீருக்குச் சொன்னது காற்றுக்கும் அப்படியே பொருந்தும். நாம் எல்லோருமே காற்று என்ற கடலின் அடித்தரையில் நின்றுகொண்டிருக்கிறோம். சுற்றிலும் உள்ள அதே அளவு குளிர்ந்த காற்றைவிட எடை குறைந்த எதுவும் இந்தக் கடலில் மேலே போகப் பார்க்கும்.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். ஒரு முழு அறை அளவுக்குச் சூடான காற்று இருந்தும் தூக்குவது ஆறே கிலோ. ஒரு கைக்குழந்தையின் எடை. ஒரு மனிதனையும், அவன் நிற்கும் தட்டையும், எரிபொருளையும், பலூன் துணியையும் சேர்த்துத் தூக்க வேண்டுமென்றால் பத்து இருபது அறைகள் போதாது. வெப்பக்காற்று பலூன்கள் ஏன் அவ்வளவு பிரம்மாண்டமாக இருக்கின்றன என்றால் இதனால்தான். ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் தருகிற உதவி மிகக் கொஞ்சம், அதனால் கன மீட்டர்களைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் ஒரு இடம் இருக்கிறது. பிறந்தநாள் பலூனின் வாயை இறுக்கிக் கட்டுகிறோம், வெப்பக்காற்று பலூனின் அடியோ திறந்தே இருக்கிறது. காற்று வெளியே போய்விடாதா? போகாது. சூடான காற்றுக்குப் போக வேண்டிய திசை மேலே, அங்கே துணி மூடியிருக்கிறது. அடியில் வாய் திறந்திருப்பதால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்ட சமமாகவே இருக்கும். ரப்பர் பலூன்போல உள்ளிருந்து முட்டித் தள்ளும் பெரிய அழுத்தம் எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த பலூனைக் காகிதத்திலும் சாக்குத்துணியிலும்கூடச் செய்ய முடிந்தது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டீ பேக்கின் மேல்பகுதியைக் கத்தரித்து, தூளைக் கொட்டிவிட்டு, வெறும் காகிதக் குழாயைத் தட்டின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, மேல் விளிம்பில் தீ வையுங்கள். பக்கத்தில் பெரியவர்கள் இருக்கட்டும், திரைச்சீலை வேண்டாம். தீ மேலிருந்து கீழாக இறங்கி வரும். காகிதம் முக்கால்வாசி எரியும்வரை ஒன்றும் நடக்காது. தட்டைத் தொடப்போகிற நேரத்தில், கருகிய சாம்பல் கூடு சட்டென்று எழும்பி ஒரு ஆள் உயரம் போய் உதிரும். காகிதம் கனமாக இருந்தவரை சூடான காற்றால் தூக்க முடியவில்லை, எரிந்து லேசான பிறகு தூக்கிவிட்டது. முதல் முறை பார்த்தபோது அந்தச் சாம்பல் கிளம்பிய கணத்தில் நான் கையைத் தட்டிவிட்டேன். அனோனே ஊர்க்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது.

காகித ஆலைக் குடும்பம்

சிறிய அளவில் இந்த வித்தை பழையதுதான். காகிதக் கூட்டுக்குள் விளக்கை வைத்து வானில் விடும் வழக்கம் சீனாவில் மிக நீண்ட காலமாக உண்டு. 1709இல் லிஸ்பன் நகரில் பர்தொலொமேயு த குஷ்மாவ் என்ற பாதிரியார் போர்ச்சுகல் அரசர் ஐந்தாம் ஜான் முன்னிலையில் ஒரு சிறு காகித பலூனை எழுப்பிக் காட்டினார். இவையெல்லாம் விளக்கைத் தூக்கின, மனிதனைத் தூக்கவில்லை. பெரிதாகச் செய்யும் துணிவும், அதற்கான கைத்திறனும், பணமும், பொருளும் ஒரே வீட்டில் சேர வேண்டியிருந்தது.

அந்த வீடு மோன்கோல்ஃபியே குடும்பம். அனோனேக்குப் பக்கத்தில் காகித ஆலை வைத்திருந்தவர்கள். பியேர் மோன்கோல்ஃபியேவுக்குப் பதினாறு பிள்ளைகள். பன்னிரண்டாமவர் ஜோசப், பதினைந்தாமவர் எத்தியென். ஜோசப் எப்போதும் எதையாவது யோசித்துக்கொண்டு திரிகிறவர், தொழிலில் கால் ஊன்றாதவர். எத்தியென் கட்டடக்கலை படித்தவர், பொறுப்பானவர், குடும்ப ஆலையை நடத்தியவர். ஒருவருக்கு யோசனை, மற்றவருக்குச் செய்து முடிக்கும் நிதானம். இந்தச் சேர்க்கை இல்லாமல் இது நடந்திருக்காது.

1782 நவம்பரில் ஜோசப் அவிஞ்ஞோன் நகரில் இருந்தார். அப்போது பிரிட்டனிடமிருந்த ஜிப்ரால்டர் கோட்டையை பிரான்சும் ஸ்பெயினும் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. தரை வழியும் கடல் வழியும் இல்லை என்றால் வான் வழியாகப் படையை இறக்க முடியாதா என்று நெருப்பைப் பார்த்தபடி அவர் யோசித்ததாகச் சொல்வார்கள். தீப்பொறியைத் தூக்குகிற அதே ஏதோ ஒன்று துணிப்பையையும் தூக்காதா? மெல்லிய மரச்சட்டத்தில் டஃபேட்டா பட்டுத்துணியைப் போர்த்தி, ஒரு மீட்டர் அகலமுள்ள பெட்டி ஒன்றைச் செய்தார். அடியில் காகிதத்தைக் கசக்கிக் கொளுத்தினார். பெட்டி எழும்பி அறையின் கூரையில் போய் முட்டி நின்றது. உடனே தம்பிக்குக் கடிதம் எழுதினார்: பட்டுத்துணியும் கயிறும் சீக்கிரம் வாங்கி வை, உலகத்திலேயே பெரிய அதிசயத்தைப் பார்க்கப் போகிறாய் என்ற பொருளில்.

டிசம்பர் 14 அன்று சகோதரர்கள் இன்னும் பெரிதாக ஒன்றைச் செய்து வெளியில் சோதித்தார்கள். அது அவர்கள் கையைப் பிய்த்துக்கொண்டு போய் 2 கிலோமீட்டர் மிதந்துவிட்டது. அதற்கு அடுத்த கட்டம்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த பொத்தான் வைத்த பலூன்.

அந்த பலூனின் கொள்ளளவு சுமார் 790 கன மீட்டர், எடை சுமார் 225 கிலோ. நம் கணக்கில் 28 அறைகள். 225ஐ 790ஆல் வகுத்தால், ஒவ்வொரு கன மீட்டரும் கிட்டத்தட்ட 285 கிராம் தூக்கியாக வேண்டும் என்று வருகிறது. அதற்கு உள்ளே உள்ள காற்று சராசரியாக 100 டிகிரிக்கும் கொஞ்சம் மேலே சூடேறியிருக்க வேண்டும். பொத்தான் இடுக்குகள் எல்லாவற்றிலும் காற்று கசிந்துகொண்டிருந்த பையில் இதைச் சாதித்திருக்கிறார்கள். அதனால்தான் அது பத்து நிமிடத்தில் இறங்கியது என்பதும் புரிகிறது. நெருப்பு தரையிலேயே தங்கிவிட்டது. மேலே போன காற்று ஆறியது, கசிந்தது, கதை முடிந்தது.

புகையா, சூடா?

மோன்கோல்ஃபியே சகோதரர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்பது தெரியும், அது ஏன் நடக்கிறது என்பதில்தான் தவறாக நினைத்திருந்தார்கள். எரியும்போது உண்டாகும் புகையில் இயல்பாகவே மேலே போகும் தன்மையுள்ள ஒரு தனி வாயு இருக்கிறது, அதுதான் பலூனைத் தூக்குகிறது என்று நம்பினார்கள். அதனால் புகை அதிகமாக வரும்படி ஈர வைக்கோலையும் நறுக்கிய கம்பளியையும் சேர்த்து எரித்தார்கள். பின்னால் வெர்சாய் அரண்மனையில் காட்டியபோது பழைய செருப்புகளையும் நெருப்பில் போட்டதாகச் சொல்கிறார்கள். நாற்றம் அடித்தால் நல்லது என்ற நிலை!

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரிவது புகைதான், வெப்பம் தெரிவதில்லை. ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனைப் பிரித்துக் காட்டி அப்போது 17 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. விதவிதமான ‘காற்றுகள்’ ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்னொரு புதுக் காற்று என்று நினைத்தது இயல்பு. ஜெனீவாவைச் சேர்ந்த விஞ்ஞானி சோசூர், புகையே இல்லாமல், பழுக்கக் காய்ச்சிய இரும்பை பலூனின் வாய்க்குள் கொண்டுபோய், சூடு ஒன்றே போதும் என்று காட்டினார்.

இதில் பள்ளிக்கூடத்துப் பழைய நண்பர் ஒருவரும் வருகிறார். வெப்பநிலை கூடினால் வாயுவின் பருமன் கூடும் என்ற ‘சார்லஸ் விதி’ ஞாபகம் இருக்கிறதா? அந்த ழாக் சார்லஸ்தான். அனோனே செய்தி பாரிஸுக்கு எட்டியதும், எந்த வாயு என்று தெரியாத நிலையில், தனக்குத் தெரிந்த லேசான வாயுவான ஹைட்ரஜனை வைத்து அவர் ஒரு பலூன் செய்தார். ரப்பர் பூசிய பட்டுத்துணி. ஹைட்ரஜனுக்காக இரும்புத் துண்டுகள்மேல் கந்தக அமிலத்தை ஊற்றினார்கள், சுமார் அரை டன் இரும்பு, கால் டன் அமிலம். 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் அது மேலே போனது. ஒரு அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிது அதன் கொள்ளளவு, ஆனால் ஹைட்ரஜன் என்பதால் அதுவே போதும். 45 நிமிடம் பறந்து 21 கிலோமீட்டர் தள்ளி கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியது. வானிலிருந்து விழுந்து, உப்பி உப்பி அசைந்து, கந்தக வாடை அடித்த அந்தப் பொருளைப் பார்த்துக் கிராமத்து மக்கள் பயந்து, கத்தியாலும் கவைக்கோலாலும் குத்திக் கிழித்துவிட்டார்கள். இனி இப்படி ஏதாவது வந்தால் அஞ்ச வேண்டாம் என்று அரசாங்கமே அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

ஆக, 1783 கோடையிலேயே இரண்டு வழிகள் பிரிந்துவிட்டன. ஒன்று சூடான காற்று, இன்னொன்று ஹைட்ரஜன். வெப்பக்காற்று அறைக்கு ஆறு கிலோ தூக்கினால் ஹைட்ரஜன் 30 கிலோ தூக்கும். ஆனால் அதைச் செய்ய அமிலமும் இரும்பும் நாள்கணக்கில் நேரமும் வேண்டும். வைக்கோலுக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஆடு, வாத்து, சேவல்

எத்தியென் பாரிஸுக்கு வந்தார். சுவர்க்காகிதம் தயாரிக்கும் ரெவெய்யோன் என்பவர் துணைக்கு நின்றார். ஒரு பலூன் செய்து முடித்த நேரத்தில் புயல்மழை வந்து நனைத்துக் கிழித்தது. சில நாள்களிலேயே இன்னொன்றைச் செய்தார்கள்: வானநீலம், அதன்மேல் தங்க நிறத்தில் அலங்காரம், தீப்பிடிக்காமல் இருக்கப் படிகாரப் பூச்சு.

செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனை முற்றத்தில், அரசர் பதினாறாம் லூயியும் அரசி மரீ அந்துவானெத்தும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு செம்மறியாடும் வாத்தும் சேவலும் கூடையில் ஏறின. கேட்க விளையாட்டுபோல இருந்தாலும் இந்தத் தேர்வில் யோசனை இருந்தது. உயரத்துக் காற்றில் உயிர் பிழைக்க முடியுமா என்பது அப்போது உண்மையான சந்தேகம். ஆட்டின் உடம்பு மனித உடம்புக்கு ஓரளவு ஒப்பானது என்று கருதினார்கள். வாத்து ஏற்கெனவே உயரே பறக்கும் பறவை, அதற்கு ஏதாவது ஆனால் உயரம் காரணமல்ல, பலூன்தான் காரணம் என்று தெரிந்துவிடும். சேவல் பறவைதான், ஆனால் உயரப் பறக்காதது. எட்டு நிமிடத்தில் 3 கிலோமீட்டர் போய் மூன்றும் உயிரோடு இறங்கின. சேவலின் இறக்கையில் மட்டும் காயம். உயரத்தின் விளைவோ என்று கவலைப்பட்டார்கள். கிளம்பும் முன்பே ஆடு உதைத்ததைப் பார்த்தவர்கள் இருந்ததால் அந்தக் கவலை தீர்ந்தது. ஆட்டுக்கு அரச விலங்குப் பண்ணையில் இடம் கிடைத்தது.

மோன்கோல்ஃபியே சகோதரர்கள் இதுவரை விட்ட எந்த பலூனும் நெருப்பைத் தன்னோடு எடுத்துப் போகவில்லை. தரையில் சூடேற்றி, அவிழ்த்துவிட்டால், ஆறும்வரை பறக்கும், அவ்வளவுதான். மனிதன் போவதென்றால் அது போதாது. எப்போது இறங்குவது, எங்கே இறங்குவது என்பது அவன் கையில் இருக்க வேண்டும். அதற்கு நெருப்பும் அவனோடு மேலே வர வேண்டும்.

காகிதக் கூரையின் கீழே அடுப்பு

முதலில் மரண தண்டனைக் கைதிகளை அனுப்பலாம் என்றார் அரசர். மெட்ஸ் நகரில் பிறந்த, 29 வயது நிரம்பிய பிலாத்ர் த ரோசியே அதை ஏற்கவில்லை. பாரிஸில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். வானில் ஏறும் முதல் மனிதன் என்ற பெருமை குற்றவாளிக்குப் போவதா என்று கேட்டார். காலாட்படை அதிகாரியான மார்கி தார்லாந்த் அவரோடு சேர்ந்துகொண்டு செல்வாக்குள்ளவர்கள் மூலம் அரசரின் மனதை மாற்றினார். அக்டோபர் 15 முதல் ரோசியே கயிற்றில் கட்டிய பலூனில் ஏறிப் பழகினார். முதல் நாள் 24 மீட்டர் உயரம். வைக்கோல் போட்டால் ஏறுகிறது, போடாவிட்டால் இறங்குகிறது. பலூனை ‘ஓட்டுவது’ என்றால் நெருப்பை ஓட்டுவதுதான் என்று கற்றுக்கொண்டது அந்த நாள்களில்தான்.

1783 நவம்பர் 21. பாரிஸின் மேற்கு ஓரத்தில் லா மூயெத் மாளிகைத் தோட்டம். பலூன் 23 மீட்டர் உயரம், 60,000 கன அடி. நம் அறைக் கணக்கில் சரியாக 60 அறைகள். கிளம்பும் முன்பே காற்று அடித்துத் துணி கிழிந்தது. ஊசியும் நூலுமாக இரண்டு மணி நேரத்துக்குள் தைத்துச் சரிசெய்தார்கள். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் அவிழ்த்துவிட்டார்கள்.

அந்த பலூனின் அமைப்பைக் கொஞ்சம் கண்முன்னே கொண்டுவாருங்கள். கீழே திறந்த வாய். அதன் நடுவே கம்பித் தட்டில் நெருப்பு. வாயைச் சுற்றி வட்டமாகப் பிரம்பில் பின்னிய நடைமேடை. எடை சாயாமல் இருக்க ஒருவர் இந்தப் பக்கம், இன்னொருவர் எதிர்ப்பக்கம். நடுவே நெருப்பும் துணியும் மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரல்தான். ஆளுக்கொரு கவைக்கோலால் வைக்கோல் கட்டை எடுத்து நெருப்பில் போட வேண்டும். பக்கத்திலேயே தண்ணீர், அதில் நனைத்த ஸ்பாஞ்ச். தலைக்கு மேலே எழுபது அடிக்குத் துணியும் காகிதமும்.

தார்லாந்த் பிறகு எழுதிய கடிதம் இருக்கிறது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் அதில் வீரப்பேச்சே இல்லை, இரண்டு பேர் அடுப்படியில் பதறுவதுபோல இருக்கும். கீழே சேன் ஆறும் கூட்டமும் தெரிய, தார்லாந்த் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். இப்படி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் அதில் குளிக்க வேண்டியதுதான், நெருப்பைக் கவனி என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ரோசியே சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேலே படபடவென்று ஓசை. தார்லாந்த் உள்ளே எட்டிப் பார்த்தால் துணியில் வட்ட வட்டமாக ஓட்டைகள், சில பெரியவை. ஈர ஸ்பாஞ்சால் எட்டிய இடத்தில் எல்லாம் ஒற்றி அணைத்தார். தொங்கும் கயிறுகளைச் சோதித்தார், இரண்டு அறுந்திருந்தன. ஊருக்கு நடுவே இறங்க முடியாது, மேலும் வைக்கோல் போடத்தான் வேண்டும். போட்டார்கள். வீடுகளைத் தாண்டினார்கள்.

25 நிமிடத்தில் சுமார் 9 கிலோமீட்டர் கடந்து, அப்போது நகருக்கு வெளியே இருந்த புத் ஒ காய் மேட்டில் காற்றாலைகளுக்கு நடுவே இறங்கினார்கள். இருவருக்கும் காயமில்லை. வைக்கோல் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. எரிபொருள் தீர்ந்து அவர்கள் இறங்கவில்லை. தங்களைத் தூக்கிய நெருப்பே தங்கள் துணியைத் தின்றுகொண்டிருந்ததுதான் சிக்கல். அன்று மாலை அந்தப் பறத்தலுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டவர்களில், அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் ஒருவர்.

வென்ற கையோடு ஓரங்கட்டப்பட்டது

பத்தே நாளில், டிசம்பர் 1 அன்று, சார்லஸும் நிக்கோலா ராபர்ட்டும் ஹைட்ரஜன் பலூனில் ஏறினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து 36 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார்கள். நெருப்பு இல்லை, புகை இல்லை, ஸ்பாஞ்ச் இல்லை. கூடையில் அமர்ந்து ஊரைப் பார்த்தபடி போனார்கள். ராபர்ட் இறங்கிக்கொள்ள, எடை குறைந்த பலூன் சார்லஸை மட்டும் ஏற்றிக்கொண்டு 3,000 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்தது. தரையில் மறைந்துவிட்ட சூரியன் அவருக்கு மீண்டும் தெரிந்தது, ஒரே நாளில் இரண்டு முறை சூரியன் மறைவதைப் பார்த்தார். காது வலி தாங்காமல் இறங்கியவர் அதன் பிறகு பலூனில் ஏறவேயில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தேர்வு எளிதாக இருந்தது. வெப்பக்காற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். 1784 ஜனவரி 19 அன்று லியோன் நகரில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பிரம்மாண்ட பலூன் போனது, ஜோசப் மோன்கோல்ஃபியே வாழ்நாளில் பறந்தது அந்த ஒரு முறைதான். துணி கிழிந்து சற்று நேரத்திலேயே வேகமாக இறங்கிவிட்டது. அதே லியோனில் ஜூன் 4 அன்று, அனோனே நிகழ்ச்சிக்குச் சரியாக ஓராண்டு கழித்து, எலிசபெத் திப்ள் என்ற பெண் 45 நிமிடம் பறந்தார். கயிறு கட்டாத பலூனில் பறந்த முதல் பெண் அவர்தான். வழியில் நெருப்புக்கு எரிபொருள் போட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ரோசியேவுக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வேண்டும் என்று ஆசை. 1785 ஜனவரி 7 அன்று பிளான்ஷார், ஜான் ஜெஃப்ரீஸ் இருவரும் ஹைட்ரஜன் பலூனில் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சுக்குக் கடந்துவிட்டார்கள். கடலில் விழாமல் இருக்கக் கையில் இருந்தவற்றையெல்லாம், கடைசியில் உடைகளையும், தூக்கி எறிந்துதான் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் பிரான்சிலிருந்து எதிர்த்திசையில் இன்னும் யாரும் போகவில்லை. ரோசியே இரண்டு வகையையும் சேர்த்தார்: மேலே ஹைட்ரஜன் நிரப்பிய உருண்டை, கீழே சூடான காற்று நிரப்பிய உருளை. ஹைட்ரஜன் பெரும் எடையைத் தூக்கும், ஏறி இறங்குவதற்கு நெருப்பைக் கூட்டிக் குறைத்தால் போதும், விலையுயர்ந்த ஹைட்ரஜனைத் திறந்துவிட வேண்டியதில்லை. காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. ஆனால் தீப்பற்றும் வாயுவுக்கு அடியில் நெருப்பு.

1785 ஜூன் 15 அன்று பூலோன் துறைமுக நகரிலிருந்து அவரும் பியேர் ரோமேனும் கிளம்பினார்கள். கடலை நோக்கிப் போன பலூனைக் காற்று திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தது. சில நூறு மீட்டர் உயரத்தில் பலூன் சட்டென்று சுருங்கி விழுந்தது. நெருப்பு ஹைட்ரஜனைத் தொட்டதா, துணியோ வால்வோ கிழிந்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். இருவரும் இறந்தார்கள், வான்பயணத்தில் உயிரிழந்த முதல் மனிதர்கள். ரோசியேவுக்கு வயது 31.

அதற்குப் பிறகு பலூன் என்றால் ஹைட்ரஜன் பலூன்தான் என்று ஆயிற்று. போரில் எதிரியை வேவு பார்க்க 1794இல் பிரெஞ்சுப் படை ஃப்ளெருஸில் ஏற்றியதும், உயரத்துக் காற்றை ஆராய விஞ்ஞானி கே-லுசாக் 1804இல் ஏறியதும் அதில்தான். வெப்பக்காற்று பலூன் பொருட்காட்சி வித்தையாக எஞ்சியது. தரையில் குழி வெட்டித் தீமூட்டி நிரப்புவார்கள், வித்தைக்காரர் தொங்கிக்கொண்டு மேலே போய்ப் பாராசூட்டில் குதிப்பார். நெருப்பு மறுபடியும் தரையிலேயே நின்றுவிட்டது, 1783 ஜூன் மாதத்துக்கே திரும்பியதுபோல.

175 ஆண்டுகள் கழித்து

இந்தக் கட்டு அவிழ்ந்தது 1960 அக்டோபர் 22 அன்று, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் புரூனிங் என்ற ஊரில். எட் யோஸ்ட் என்பவர் நைலான் பலூனில் புரோபேன் எரிவாயு சிலிண்டரையும் பர்னரையும் வைத்துக்கொண்டு பறந்தார். வைக்கோலுக்கும் புரோபேனுக்கும் என்ன வித்தியாசம் என்றால், சமையலறையில் விறகு அடுப்புக்கும் கேஸ் அடுப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். வால்வைத் திருப்பினால் எரியும், மூடினால் அணையும். பொறி பறக்காது, சாம்பல் எழாது. சுடர் நேர்க்கோட்டில் பலூனின் நடுவே பாயும், துணியைத் தொடாது. நைலான் லேசானது, காற்றுக் கசியாதது. பொத்தான் வேண்டாம். ரோசியே கவைக்கோலால் செய்த வேலையை இப்போது இரண்டு விரல் செய்கிறது.

1963 ஏப்ரலில் யோஸ்டும் டான் பிக்கார்டும் அந்த மாதிரியான பலூனில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்கள். வெப்பக்காற்று பலூன் ஒன்று அந்தக் கடலைக் கடந்தது அதுதான் முதல் முறை.

பொள்ளாச்சியில் ஜனவரியில் நடக்கும் பலூன் திருவிழாவுக்குப் போனால் இந்தப் பர்னரைக் கேட்கலாம். பார்ப்பதற்கு முன்பே காதில் விழும், பெரிய மிருகம் மூச்சு விடுவதுபோல ஒரு சீற்றம், பிறகு அமைதி, மறுபடி சீற்றம். விடியற்காலையில் ஏன் பறக்கவிடுகிறார்கள் என்பதையும் நம் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் அதற்கு எடை அதிகம், உள்ளே உள்ள சூடான காற்றோடு வித்தியாசம் கூடும், குறைந்த எரிவாயுவில் அதிக எடை தூக்கும். அதோடு வெயில் ஏறி நிலம் சூடாகும் முன் காற்றும் அடங்கியிருக்கும்.

ரோசியேவின் கடைசி யோசனையும் வீணாகவில்லை. மேலே ஹைட்ரஜனுக்குப் பதில் தீப்பிடிக்காத ஹீலியம், கீழே புரோபேன் சூடாக்கும் காற்று என்று அதைத் திருத்திச் செய்தார்கள். அப்படிச் செய்த பலூனில் பெர்ட்ராண்ட் பிக்கார்ட், பிரையன் ஜோன்ஸ் இருவரும் 1999 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி, மார்ச் 21 அன்று எகிப்தியப் பாலைவனத்தில் இறங்கினார்கள். பலூனில் உலகைச் சுற்றியவர்களில் அவர்களே முதல். இந்த வகை பலூனுக்கு இன்று வழங்கும் பெயர் ரோசியே.